காக்கியும் கரும்பலகையும்

கட்டளை முழங்கிற்று, 44 இணைக் காலணிகள் ஒரே நொடியில் மண்ணை அறைந்தன. பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கு ஓரம் அது. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் அமர்ந்து கதை பேசும் சிற்றூர். பனைமரங்கள் காவல் நிற்கும் பள்ளித் திடலிலே, காக்கிச் சீருடை அணிந்த சிறுவரும் சிறுமியரும் வரிசை பிறழாமல் நின்றனர். அவர்கள் முன்னே நின்று ஆணையிட்டவள் 14 வயதுப் பெண். அவள் தந்தை செங்கற்சூளையில் கூலி. மேடைமீதிருந்த காவல் ஆய்வாளர் அந்தப் பெண்ணின் வணக்கத்தை ஏற்றுத் தாமும் விறைத்து நின்று கையுயர்த்தினார்.

என் கண்கள் பனித்தன என்பதை ஏன் மறைக்கவேண்டும்? காவல் நிலைய வாயிலிலே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, தோள் துண்டை இடுப்பில் சுற்றி, "சாமி, எசமான்" என்று குழைந்து நின்ற தலைமுறையின் பேத்தி அவள். அவளுக்கு எதிரே அதிகாரி வணக்கம் செலுத்துகிறார்! அந்தப் பள்ளியில் ஆசிரியராக இருக்கும் நண்பர் என்னை அழைத்தபோது, "போலீசார் நடத்தும் வகுப்பில் எனக்கென்ன வேலை?" என்று கேலி பேசியவன் நான். அணிவகுப்பு முடிவதற்குள் அந்தக் கேலி என் நாவில் உலர்ந்துவிட்டது.

ஆனால், அன்று மாலை நடந்ததையும் கூறவேண்டும். அதற்காகத்தான் இக்கட்டுரை.

மாணவர்களை ஒரு வகுப்பறையில் அமர்த்திப் பயிற்சிக் காவலர் சட்டம் பற்றிப் பேசினார். நல்ல மனிதர். பிள்ளைகளோடு அமர்ந்து அதே உப்புமாவை உண்டவர். தலைக்கவசத்தின் தேவை, போதைப் பொருளின் கேடு, குழந்தைத் திருமணத் தடை, எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். இறுதியில், "ஐயம் இருந்தால் கேளுங்கள்" என்றார். காலையில் அணியை நடத்திய அதே பெண் எழுந்தாள்.

"சார், போன மாதம் எங்கள் அப்பாவை ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். 'எடா' என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது சார்?"

அறையிலே அமைதி. காவலர் முகத்தில் ஒரு நிழல் படர்ந்து மறைந்தது. "அதெல்லாம் பெரியவர்கள் விஷயம் மோளே. நீ நன்றாகப் படி" என்றார்.

"சரி சார்" என்றாள். விறைத்து நின்று, வணக்கம் செலுத்தி, அமர்ந்தாள்.

தோழர்களே! அந்தக் கேள்விக்கு விடை இல்லாமலா போயிற்று? இருக்கிறது. 2021 செப்டம்பரில், கேரள உயர்நீதிமன்றம் பொதுமக்களை 'எடா', 'எடீ', 'நீ' என்று ஒருமையில் விளித்து இழிவுபடுத்தும் வழக்கத்தைக் கண்டித்து, மரியாதையுடன் பேசவேண்டும் எனக் காவல்துறைக்கு அறிவுறுத்தியது. அதே மாதம் மாநிலக் காவல்துறைத் தலைவரும் அவ்வாறே நடக்கவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். ஆகவே, "அப்படி அழைக்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை, அழைக்கக்கூடாதென்று ஆணையே இருக்கிறது" என்று அந்தக் காவலர் இரண்டு வரியில் விடை கூறியிருக்கலாம். கூறியிருந்தால் அந்தப் பெண் அன்று கற்றிருக்கக்கூடிய தலைமைப் பாடம், ஆயிரம் அணிவகுப்புக்கு ஈடாகியிருக்கும். அவர் கூறவில்லை. அவருக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை. அந்த அறையில் அதைச் சொல்வதற்கு அவருக்கு இடமளிக்கப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

இந்த மாணவர் காவல் படைத் திட்டம் எங்கிருந்து வந்தது? 2010 ஆகஸ்டில் கேரளக் காவல்துறையும் கல்வித்துறையும் கைகோத்துத் தொடங்கியது. முதலாண்டில் 127 பள்ளிகள். மாணவர் 11,176 பேர். கணக்குப் போட்டுப் பார்த்தால் பள்ளிக்கு 88, அதாவது 44 பேர் கொண்ட இரண்டு அணிகள். ஓர் அணியில் ஆண் 22, பெண் 22. எட்டாம் வகுப்பில் சேர்ந்தால் ஈராண்டுப் பயிற்சி. உடற்பயிற்சியும் அணிநடையும், சட்ட அறிவு, சாலைப் பாதுகாப்பு, மரம் வளர்த்தல், உடல்நலம், விடுமுறைக் கால முகாம்கள் என்று பாடத்திட்டம் விரிகிறது. பள்ளிக்குள் பொறுப்பேற்பவர் ஆசிரியர்கள். அணிநடை கற்பிக்க வருவோர் காவலர்கள். திட்டத்தை வகுத்தவர் பி. விஜயன் என்னும் காவல் அதிகாரி. பத்தாம் வகுப்பில் தோற்று, கூலிவேலை செய்து, மீண்டும் படித்து இந்தியக் காவல் பணிக்கு உயர்ந்தவர். வறுமையை ஏட்டில் படித்தவரல்லர். ஆகையால் அவருடைய நோக்கத்தை ஐயுறுவது என் வேலையன்று.

2018 சூலை 21ஆம் நாள், இதே திட்டத்தை நாடு முழுமைக்குமாக அரியானாவின் குருகிராமத்தில் அன்றைய உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் தொடங்கிவைத்தார். மாநிலங்களுக்கு 67 கோடி ரூபாய் வழங்கப்பட்டதாக அறிவிப்பு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு, பாடநூல் கிடையாது, தேர்வு கிடையாது, மாதம் ஒரு வகுப்பு. கேரளத்தில் ஈராண்டு உழைத்து வளர்த்த மரத்தின் ஒரு கிளையை ஒடித்து, மாநிலத்துக்கு மாநிலம் நட்டுவைத்து, மாதம் ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் வேர் பிடிக்குமா என்பது தோட்டக்காரர்கள் கூறவேண்டிய விடை!

குறை கூறப் புகுமுன் நிறை கூறுவது நேர்மை. ஆணுக்கு 22 என்றால் பெண்ணுக்கும் 22 என்று எழுத்திலேயே வகுத்த திட்டங்கள் நம் நாட்டில் எத்தனை? சட்டமன்றத்தில் மூன்றிலொரு பங்கு தருவதற்கே 2023 வரை காத்திருந்து, தந்த பின்னும் மக்கள்தொகைக் கணக்கு, தொகுதி மறுவரையறை என்று நாள் குறித்த நாடு இது. இங்கோ பள்ளித் திடலில் பாதிக்குப் பாதி! தாவணி தடுக்கி விழும், ஓடாதே, உரக்கப் பேசாதே, காலை அகட்டி நிற்காதே என்று வளர்க்கப்பட்ட பெண், காலணி அதிர நடக்கிறாள்; தொண்டை திறந்து கட்டளையிடுகிறாள். அவள் குரலுக்கு 43 பேர் அசைகிறார்கள், அவர்களிலே 22 பேர் ஆண்பிள்ளைகள். வீட்டிலே தங்கையை அதட்டிப் பழகிய பையன், திடலிலே ஒரு பெண்ணின் ஆணைக்குத் திரும்புகிறான். இதை நான் சிறிதாக எண்ணமாட்டேன். பெண் விடுதலை பற்றி மேடையில் ஒருமணி நேரம் பேசி வீட்டுக்குப் போய்க் காப்பி கேட்கிற நம்மில் சிலருக்கு, அந்தப் பையன் பாடம் நடத்துவான்.

அடுத்து, சாதி. அணியிலே உயரத்தின்படி நிறுத்துகிறார்கள். பாட்டனின் நிலத்தின்படியோ, குலத்தின்படியோ அல்ல. ஒரே காக்கி, ஒரே தொப்பி, ஒரே தட்டு. சீருடையில் சமயச் சின்னத்துக்கு இடமுண்டா என்ற வழக்கும் எழுந்தது. எட்டாம் வகுப்பு முஸ்லிம் மாணவி ஒருவர், தலைமறைப்பும் முழுக்கைச் சட்டையும் அணிய இசைவு கேட்டார். 2022 சனவரியில் கேரள அரசு அதை ஏற்க மறுத்தது. அரசின் சீருடையில் எந்தச் சமயத்தின் அடையாளமும் வேண்டாம் என்பதே பகுத்தறிவாளன் கருத்து. எனக்கும் அதில் மாறுபாடில்லை. ஆனால் ஒன்று. தலைத்துணிக்கு உள்ள தடை, நெற்றிச் சந்தனத்துக்கும் மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிற்றுக்கும் அதே கண்டிப்போடு இருக்கவேண்டும். ஒன்றைக் கண்டு முகம் சுளித்து, மற்றொன்றைக் காணாதது போலிருந்தால், அது சமயச் சார்பின்மை ஆகாது. பெரும்பான்மையின் சமயத்துக்குச் சீருடை தைத்துத் தருவதாகும். அந்தச் சிறுமியின் மனு தள்ளப்பட்டதால் அவளுக்கு இழப்பு ஏற்பட்டது என்பதையும் மறக்கலாகாது. திடலுக்கு வந்திருக்கவேண்டியவள் வீட்டோடு நின்றிருந்தால், நம் கொள்கை வென்றது என்று கைகொட்ட எனக்கு மனம் வரவில்லை.

இனிக் குறைக்கு வருவோம். 'தலைமைப் பண்பு' வளர்ப்பது நோக்கம் என்கிறார்கள். நாடு தழுவிய திட்டத்தின் பாடத் தலைப்புகளைப் பாருங்கள். ஒருபுறம் குற்றத் தடுப்பு: மக்களோடிணைந்த காவல், சாலைப் பாதுகாப்பு, சமுதாயத் தீமைகள், பெண்கள் குழந்தைகள் பாதுகாப்பு, ஊழல் எதிர்ப்பு, பேரிடர். மறுபுறம் பண்புகள்: பெரியோரை மதித்தல், பரிவு, சகிப்பு, பொறுமை, மனப்பான்மை, குழு உணர்வு, ஒழுங்கு. பட்டியலை நான் மூன்று முறை படித்தேன். சகிப்பு இருக்கிறது, பொறுமை இருக்கிறது, மதித்தல் இருக்கிறது. 'கேள்' என்ற ஒரு சொல்லைக் காணோம்! ஏன், எதற்கு, எப்படி என்று வினவுவதுதான் அறிவின் முதற்படி என்று ஒரு பெருங்கிழவர் தொண்டை வற்றப் பேசிய மண்ணின் எல்லையிலிருந்து எழுதுகிறேன். அதனால்தானோ என்னவோ, அந்த இல்லாத சொல் என் கண்ணை உறுத்துகிறது.

பெரியோரை மதிக்கவேண்டாம் என்றா சொல்கிறேன்? இல்லை. ஆனால் எந்தப் பெரியவரை? குழந்தைத் திருமணத்தை எதிர்த்துப் போராடு என்பது முதற்பகுதியின் பாடம். அந்தத் திருமணத்தை ஏற்பாடு செய்பவர் யார்? வீட்டுப் பெரியவரல்லவா! சமுதாயத் தீமையை எதிர்க்கச் சொல்லும் பக்கத்தையும், பெரியவரை மதிக்கச் சொல்லும் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தவர்கள், இரண்டும் மோதும்போது பிள்ளை எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்று சொல்லவில்லை. மோதாது என்று நினைத்தார்களா, அல்லது மோதினால் எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்துதான் விட்டார்களா?

கட்டளைக்குக் கீழ்ப்படிவது படைக்கு வேண்டும். தீயணைப்புக்கு வேண்டும். வெள்ளம் வரும்போது வேண்டும். கேரளம் 2018இல் கண்ட பெருவெள்ளத்தைப் போன்ற வேளையில், வரிசையில் நின்று மூட்டை மாற்றும் 44 பிள்ளைகள் ஓர் ஊருக்கு வரமே. ஆனால் கீழ்ப்படிதலுக்குத் 'தலைமை' என்று பெயர் சூட்டுவது எந்த அகராதி? காலையில் அந்தப் பெண் இட்ட ஆணைகள் அவளுடையனவல்ல; எழுதிவைத்த ஆணைகள். மாலையில் அவள் கேட்ட கேள்வி மட்டுமே அவளுடையது. காலைக்குக் கைதட்டல் கிடைத்தது. மாலைக்குக் கிடைத்தது, "பெரியவர்கள் விஷயம்".

யாரைச் சேர்க்கிறார்கள் என்பதையும் நோக்குக. எழுத்துத் தேர்வும் உடல் தகுதித் தேர்வும் வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் கருணை மதிப்பெண்ணும் உண்டு. ஆக, ஓரளவு படிக்கிற, ஓடுகிற, தாய்தந்தையர் அக்கறை காட்டுகிற பிள்ளை உள்ளே வருகிறது. காலை உணவின்றி மயங்கி விழும் பையன்? சூளைக்கு ஒரு நாள், பள்ளிக்கு ஒரு நாள் என்று வரும் பையன்? பீடித் துண்டோடு கழிப்பறைப் பின்புறம் பிடிபட்டவன்? எவனைக் குற்றம் தொடும் என்று அஞ்சி இத்திட்டம் தீட்டப்பட்டதோ, அவன் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான். அன்று நான் கண்ணாலேயே கண்டேன்: சுற்றுச்சுவர் மீது ஏழெட்டுப் பையன்கள் அமர்ந்து அணிவகுப்பைப் பார்த்திருந்தனர். காக்கிப் பையன் ஒருவன் கைத்தடியை ஆட்டி அவர்களை இறங்கச் சொன்னான். இறங்கினார்கள். அந்தத் தடி அசைந்த விதம் எனக்குப் பழக்கமானது. பேருந்து நிலையங்களில் பார்த்திருக்கிறேன்.

காவல்துறையின் பிறப்பை நினைவூட்டாமல் மேலே செல்ல இயலவில்லை. பாலக்காடும் மலபாரும் சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த காலம். வரி பிரிக்கவும் ஒப்புதல் வாக்குமூலம் பறிக்கவும் குடிமக்களை வதைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஆராய ஒரு குழு அமர்ந்து, 1855இல் வதை நடப்பது உண்மையே என்று அறிக்கை தந்தது. அதன்பின் 1859இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு போலீஸ் சட்டம்; 1857 கிளர்ச்சியின் பின்விளைவாக 1861இல் இந்தியாவுக்கென ஒரு போலீஸ் சட்டம். வெள்ளையன் தன் ஆட்சிக்கு அடங்கி நடக்கச் செய்வதற்கு அயர்லாந்திலே வைத்திருந்த படையின் சாயலில் இங்கும் ஒரு படையை அமைத்தான். காக்கி போயிற்றா? லத்தி போயிற்றா? 'எடா' போயிற்றா?

கேரளத்தில் 'கேம்ப்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இந்தப் பிள்ளைகள் ஓணம் விடுமுறையில் போவது ஒன்று. மற்றொன்று கக்கயம். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச் 1ஆம் நாள், கோழிக்கோடு மண்டலப் பொறியியற் கல்லூரி மாணவர் ராஜனைக் காவலர் பிடித்துச் சென்ற இடம் அது. உலக்கையைத் தொடைமீது வைத்து உருட்டி வதைத்தார்கள். அவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர், ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒவ்வொரு கதவாகத் தட்டினார். 1977இல் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். வழக்கின் சூட்டில், நெருக்கடிநிலையின்போது உள்துறை அமைச்சராயிருந்து அப்போது முதலமைச்சராகியிருந்த கே. கருணாகரன், பதவியேற்ற ஒரு மாதத்திலேயே விலக நேர்ந்தது. மகன் எங்கே என்ற கேள்விக்கோ, 2006இல் வாரியர் கண்மூடும்வரை மண்ணைத் தோண்டிக் காட்டவல்ல விடை வரவேயில்லை. மாணவர்க்குக் காவல்துறை நடத்தும் தலைமைப் பயிற்சியிலே, காவல்துறையிடம் உயிரிழந்த மாணவனின் பெயருக்கு ஒரு பாடவேளையாவது உண்டா?

"அது நெருக்கடிநிலை, பழங்கதை" என்பார் உண்டு. சரி, புதுக்கதைக்கே வருவோம். 2021 ஆகஸ்ட். திருவனந்தபுரம் மாவட்டம் ஆற்றிங்கல். மாணவர் காவல் படை தோன்றிப் பதினோராண்டு நிறைந்த மாதம். ஒரு தலித் தந்தையும் அவருடைய எட்டு வயது மகளும் சாலையோரம் நிற்கிறார்கள். பெண்கள் பாதுகாப்புக்கென்றே ஏற்பட்ட பிங்க் போலீஸ் பிரிவைச் சேர்ந்த பெண் காவலர், தம் கைப்பேசியைத் திருடிவிட்டதாக அவர்களை நடுத்தெருவில் மிரட்டுகிறார். குழந்தை அழுகிறது. கைப்பேசி காவலரின் வண்டிக்குள்ளேயே கிடந்தது! டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, அந்தக் குழந்தைக்கு 1.5 லட்சம் ரூபாய் இழப்பீடு தருமாறு அரசுக்கு ஆணையிட்டார். அரசு என்ன செய்தது? பொறுமை, பரிவு என்று பாடம் எழுதிய அரசு, மேல்முறையீட்டுக்குப் போயிற்று.

நண்பரிடம் இதையெல்லாம் அடுக்கினேன். அவர் சிரித்தார். "நீர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் எங்கள் பயிற்சிக் காவலரைப் பாரும். மூன்றாண்டுக்கு முன் இங்கே வந்தபோது அவர் பேச்சே அடிதடி. இப்போது பிள்ளைகளின் பிறந்தநாள்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார். பிள்ளைகளைப் போலீஸ் மாற்றும் என்றுதானே பயப்படுகிறீர்? போலீசைப் பிள்ளைகள் மாற்றக்கூடாதா?" என்றார்.

வலுவான வாதம் இது. எளிதில் தள்ளிவிட முடியாதது. உண்மையிலேயே அந்தக் காவலர் மாறியிருக்கிறார் என்பதற்கு அந்த உப்புமாத் தட்டே சான்று. ஆயினும் அன்பு வளர்ந்தது என்பதற்கும் பயன் விளைந்தது என்பதற்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையும் பள்ளித்துறையும் சேர்ந்து 'டேர்' என்ற போதை ஒழிப்புப் பாடத்தைத் தொடங்கின. சீருடைக் காவலரே வகுப்பெடுத்தார். பிள்ளைகளுக்குப் பிடித்தது, பெற்றோருக்குப் பிடித்தது, காவலருக்கும் பிடித்தது, நாடெங்கும் பரவிற்று. இருபதாண்டு கழித்து, 2003இல் அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் நீண்டகால ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அந்த வகுப்பில் இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவுமில்லை! எல்லாரும் மகிழ்ந்தார்கள், ஒன்றும் மாறவில்லை.

நம் வீட்டுக் கதையும் ஒன்றுண்டு. 1993இல் இராமநாதபுரத்தில் தோன்றிய 'போலீஸ் நண்பர்கள்' அமைப்பு, மக்களும் காவல்துறையும் நெருங்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். 2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலர் அடியில் மாண்டபோது, அந்த நண்பர்களின் பெயரும் அடிபட்டது. அடுத்த மாதமே தமிழ்நாடு அரசு அவ்வமைப்புக்குத் தடை விதித்தது. நெருங்குவது நல்லது, ஆனால் எதனோடு நெருங்குகிறோமோ அதன் பழக்கமும் ஒட்டிக்கொள்ளும். சுவர்மேல் இருந்த பையன்களை நோக்கி ஆடிய அந்தத் தடியை நான் மறக்கவில்லை.

என் நெஞ்சை மிகவும் உறுத்தியது வேறொன்று, தொழில் பற்றியது. இத்திட்டத்தில் பொறுப்பேற்கும் ஆசிரியருக்கு என்ன பெயர் தெரியுமா? சமுதாயக் காவல் அலுவலர்! நண்பரின் மார்பிலே அந்தப் பெயர்ப் பட்டை மின்னிற்று. பி.ஏ. படித்து, பி.எட். முடித்து, தேர்வெழுதிக் காத்திருந்து, கரும்பலகை முன் நிற்கும் உரிமை பெற்றவனுக்கு, மரியாதை தேடிக்கொள்ள ஒரு காவல் பட்டம் வேண்டியிருக்கிறதா? ஆசிரியர் என்ற சொல் அவ்வளவு மெலிந்துவிட்டதா? பள்ளிக்குள் காவலர் வருகிறாரே, அவருக்குக் 'காவல்துறை ஆசிரியர்' என்று பெயர் வைத்திருக்கலாமே! அவர் நம் வகுப்புக்கு வருகிறார். நம் முறைக்கு அவர் வரவேண்டுமேயல்லாமல் அவர் பட்டத்துக்கு நாம் போகலாகாது. ஆசிரியனிடம் மாணவன் தவறான விடை கூறலாம், திருத்துவோம். காவல் அலுவலனிடம் தவறான விடை கூறினால் அதன் பெயர் வாக்குமூலம். இந்த வேற்றுமை பிள்ளையின் மனத்தில் அழிந்துவிட்டால், வகுப்பறையிலே ஐயம் கேட்க எழும் கை பாதியிலேயே இறங்கிவிடும்.

நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "பட்டையைக் கழற்றிவிட்டால் பிள்ளைகளுக்குக் காலணி யார் வாங்கித் தருவார்? காவல்துறையின் பெயர் இருப்பதால்தான் ஊராட்சி பணம் ஒதுக்குகிறது" என்றார். ஏழைப் பள்ளியின் ஏக்கம் அது. அதற்கு என்னிடம் விடையில்லை. ஓடும் காலுக்குக் காலணியும் கத்தும் தொண்டைக்குத் திடலும் தருவதற்குக் கல்வித்துறையிடம் பணமில்லாமல், காவல்துறையின் வாயிலாகத்தான் வரவேண்டும் என்ற நிலைக்கு யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டேன். இருவரும் சிறிது நேரம் பேசவில்லை.

திட்டத்தை மூடிவிடு என்று நான் கூறவில்லை. மூடினால் அந்தச் சூளைத் தொழிலாளியின் மகள் மீண்டும் கடைசி வரிசைக்குப் போவாள். அந்தப் பழி எனக்கு வேண்டாம். நான் கேட்பது ஒரு பாடவேளை. 1996 டிசம்பர் 18இல், டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் கைது செய்யும்போது பின்பற்றவேண்டிய 11 நெறிகளை வகுத்தது. கைது செய்யும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாளம் அணிந்திருக்கவேண்டும். நாளும் நேரமும் குறித்த கைதுக் குறிப்பை எழுதிச் சாட்சியின் கையொப்பம் பெறவேண்டும். உறவினர் ஒருவருக்குச் செய்தி சொல்லவேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்கவேண்டும். வழக்குரைஞரைச் சந்திக்க இடம் தரவேண்டும். குழந்தைகளைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக்கூடாது என்பதும் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம். கதிரவன் மறைந்தபின் பெண்ணைக் கைது செய்வதற்கு உள்ள கட்டுப்பாடு, 2024 சூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் இருக்கிறது. சாலை விதியைக் கற்பிக்கும் அதே காவலர், அதே குரலில், இதையும் கற்பிக்கட்டும். வண்டியோட்டி மீறக்கூடாத விதி முதல் வாரம். காவலர் மீறக்கூடாத விதி இரண்டாம் வாரம். இதைக் கேட்டுக் காக்கி கறைபடுமா?

ஊர் திரும்பிய பிறகு, அந்த 11 நெறிகளையும் எளிய தமிழில் எழுதினேன். 2021ஆம் ஆண்டின் 'எடா' ஆணையைப் பன்னிரண்டாவதாகச் சேர்த்தேன். முழுத்தாளில் பெரிய எழுத்தில், தமிழ் ஒருபுறமும் நண்பரின் மலையாளம் மறுபுறமுமாக, சுவரில் ஒட்டும்படி அச்சிட்டு அனுப்பினோம். ஆய்வாளரின் இசைவு வேண்டும் என்று தலைமையாசிரியர் கூறினாராம். தாள் இப்போது ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. அந்தப் பெண் மட்டும் நண்பரின் கையிலிருந்த படியைப் பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாளாம், பன்னிரண்டாவதை முதலாவதாக.